தச்சுப் பயில்வோர்க்குத் தக்க இதழ் எது?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. கைத்தொழில்கள் அனைத்திற்கும் இது பொருந்தும். தச்சுத் தொழிலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். இழைப்புளியைத் தள்ளும்போது பலகை எழுப்பும் ஓசையை எந்த ஏடும் எழுதிக் காட்ட முடியாது. ஆயினும், ஏடே வேண்டாம் என்று தள்ளிவிடவும் இயலாது. தச்சர் குடும்பத்தில் பிறவாதவன், பயிற்சிக் கூடத்தில் சேராதவன், கல்லூரியிலோ அலுவலகத்திலோ நாள் முழுதும் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் உளியைக் கையில் எடுப்பவன், யாரிடம் சென்று கற்பான்? அவனுக்கு ஏதேனும் ஓர் ஏடு துணை நிற்கத்தான் வேண்டும். அந்த ஏடு மாதந்தோறும் அல்லது இரு மாதத்திற்கு ஒருமுறை வீடு தேடி வருமாயின் ஊக்கம் குன்றாமல் இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர்.

'தச்சுவேலை பழக ஆசை. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம்?' என்று மாணவர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவ்வினாவிற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இல்லத்தில் விருப்பத்திற்காகத் தச்சு செய்வோருக்கென்று தனி இதழ்கள் நடத்தும் வழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. ஆகவே அந்நாடுகளின் ஆங்கில இதழ்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இதழ்களின் பெயர்களைப் பட்டியலிட்டு ஒன்றுக்கு முதற்பரிசு வழங்குவது என் கருத்தன்று. இதழ்கள் மாறும், சில நின்றுபோகும். தேர்ந்தெடுக்கும் முறை தெரிந்தால் எக்காலத்தும் பயன்படும்.

இதழ்களின் சிறு வரலாறு

லண்டனில் 1901ஆம் ஆண்டு 'தி வுட்வொர்க்கர்' என்னும் இதழ் தோன்றியது. தச்சுக்கலையைப் பொதுமக்களுக்குக் கற்பித்த இதழ்களுள் இதற்குத் தனி இடம் உண்டு. 1939 முதல் 1967 வரை இதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்த சார்லஸ் ஹேவர்டு, தாமே தொழில் கற்ற தச்சர். கட்டுரையும் எழுதுவார், படமும் வரைவார். கையை எங்கே வைப்பது, உளியை எப்பக்கம் சாய்ப்பது என்பவற்றைக் கோட்டுப் படங்களாலேயே விளக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அக்காலத்துக் கட்டுரைகள் நம் காலத்தில் தொகுக்கப்பட்டுப் பெருநூல்களாக மீண்டும் அச்சேறியுள்ளன. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஓர் இதழின் பக்கங்களை மக்கள் விலை கொடுத்து வாங்குகின்றனர் என்றால் காரணம் யாது? மரத்தின் இயல்பு மாறவில்லை. மனிதக் கையின் இயல்பும் மாறவில்லை.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் 'ஃபைன் வுட்வொர்க்கிங்' பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்து நியூட்டவுன் என்னும் சிற்றூரில் பால் ரோமன் என்பவர் இதனைத் தொடங்கினார். முதலில் காலாண்டு இதழாகவும் பின்னர் இரு திங்கள் இதழாகவும் வெளிவந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த டாகே ஃபிரிட் போன்ற கைதேர்ந்த ஆசான்கள் இதில் எழுதினர். 1979இல் அயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரில் டான் பெஷ்கி என்பவர் 'வுட்ஸ்மித்' இதழைத் தொடங்கினார். விளம்பரமே இல்லாமல், வாசகர் செலுத்தும் சந்தாவை மட்டும் நம்பி அது நெடுங்காலம் நடந்தது. அதே நகரிலிருந்து 1984இல் 'வுட்' என்னும் இதழும் வந்தது. கைக்கருவிகளையும் பழைய மரச்சாமான்களின் வரலாற்றையும் மட்டுமே பேசும் 'மார்ட்டிஸ் அண்ட் டெனன்' 2016இல் தோன்றியது.

இவ்விதழ்களைப் புரட்டிப் பார்த்தால், ஒரே கலையைப் பற்றிப் பேசினும் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது விளங்கும். அவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

நால்வகை இதழ்கள்

முதல் வகை, செய்முறை இதழ். ஒரு முக்காலி, ஒரு புத்தக அலமாரி, ஒரு பெட்டி என்று பொருளைக் குறித்து, அதன் உறுப்புகளின் அளவுப் பட்டியலையும், உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் படத்தையும், வேலையின் வரிசை முறையையும் தருவது இது. வுட்ஸ்மித் இவ்வகைக்குச் சான்று.

இரண்டாம் வகை, கலைஞர் இதழ். தேர்ந்தவர்கள் தம் நுட்பங்களைத் தேர்ந்தவர்களுக்கும் தேர விரும்புவோருக்கும் கூறுவது. ஃபைன் வுட்வொர்க்கிங் இதற்குச் சான்று. இதில் ஆழம் மிகுதி. ஆனால் சில கட்டுரைகள் தொடக்கநிலையாளனுக்கு மலை உச்சியைக் காட்டுமேயன்றி அடிவாரத்துப் படிக்கட்டைக் காட்டா.

மூன்றாம் வகை, பொது இதழ். சிறிது செய்முறை, சிறிது நுட்பம், சிறிது செய்தி, கருவி மதிப்பீடு, இவற்றோடு நிறைய விளம்பரம். சுவையாக இருக்கும். வேகமாகப் படித்து முடித்துவிடலாம்.

நான்காம் வகை, கைக்கருவி, வரலாறு ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் சிறப்பிதழ். ஆண்டிற்கு இரண்டே இதழ்கள் வருவதும் உண்டு. விளம்பரம் இராது, விலை சற்று மிகுதி.

விலையும் செலவும்

சந்தாவைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் சந்தாத் தொகையைத்தான் ஒப்பிடுகின்றனர். இது இயல்பே. ஆயினும் இதில் ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. அமெரிக்க இதழ்களில் பல, கடையில் தனிப்படியாக விற்கும் விலையினும் மிகக் குறைந்த விலைக்குச் சந்தாதாரருக்குக் கிடைக்கும். அச்சுக்கூலியும் அஞ்சற்செலவும் போக மிச்சம் என்ன இருக்கும் என்று வியப்பு எழும். மிச்சம் வேறு இடத்திலிருந்து வருகிறது. சந்தாதாரர் எண்ணிக்கை பெருகப் பெருக விளம்பரக் கட்டணமும் பெருகும். அங்கே வாசகன் இதழை வாங்குகிறான். விளம்பரக்காரரோ வாசகனின் கவனத்தை வாங்குகிறார்.

விளம்பரம் தீது என்று நான் கூறவில்லை. எந்தக் கருவி எங்கே கிடைக்கும் என்று அறிவிப்பதும் ஒரு தொண்டே. ஆனால் தொடக்கநிலையாளனின் நிலை வேறு. அவனுக்கு எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்தறியும் கண் இன்னும் திறக்கவில்லை. ஒரு கட்டுரையில் மேசை ரம்பம், அடுத்ததில் பட்டை ரம்பம், அதற்கடுத்ததில் பலகையின் கனத்தைச் சீராக்கும் இயந்திரம் என்று வந்துகொண்டிருந்தால், இவை இல்லாமல் தச்சே இல்லை என்று அவன் நம்பிவிடுவான். உண்மை யாதெனில், ஓர் இழைப்புளி, அகலம் வேறுபட்ட இரண்டு மூன்று உளிகள், ஒரு கைரம்பம், ஒரு மூலைமட்டம், ஒரு கொட்டாப்புளி, நல்லதொரு சாணைக்கல் ஆகியவற்றைக் கொண்டு முதலாண்டு முழுதும் கற்கலாம்.

ஆதலின் ஓர் இதழின் உண்மையான விலை அதன் சந்தாத் தொகை அன்று. அவ்விதழ் நம்மை வாங்கச் செய்யும் கருவிகளின் விலையையும் அதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இக்கணக்கைப் போட்டால், மலிவான இதழ் விலையுயர்ந்ததாகவும், விலையுயர்ந்த இதழ் மலிவானதாகவும் மாறிவிடுவதைக் காணலாம். இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து.

மாதிரி இதழைச் சோதித்தல்

சந்தா கட்டுமுன் ஒரு பழைய இதழையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய படிகள் கிடைக்கும் புத்தகக் கடைகளில் தேடலாம். இதழ்கள் பல கணினி வழியாகவும் கிடைப்பதால் ஒரே ஒரு படியை மட்டும் வாங்கிப் பார்ப்பது எளிது. அப்படி எடுத்த இதழிடம் ஐந்து வினாக்களைக் கேளுங்கள்.

முதல் வினா: இதிலுள்ள செய்முறைகளுள் என்னிடம் இருக்கும் கருவிகளைக் கொண்டு செய்யக்கூடியவை எத்தனை? ஒன்றுகூட இல்லையெனில் அவ்விதழ் நமக்குரியதன்று. ஒன்றிருந்தால் போதும், அது நல்ல இதழ்.

இரண்டாம் வினா: கருவியைத் தீட்டும் முறை எங்கேனும் சொல்லப்பட்டிருக்கிறதா? மழுங்கிய உளியோடு நுட்பமான பொருத்து எதையும் செய்ய இயலாது. தீட்டுதலை மீண்டும் மீண்டும் பேசும் இதழைச் சிலர் சலிப்பாகக் கருதுவர். கற்பவனுக்கோ அச்சலிப்பே நன்மை.

மூன்றாம் வினா: படங்கள் கண்ணுக்கா, கைக்கா? முடிந்த பொருளின் பளபளப்பான வண்ணப்படம் கண்ணுக்கு. ஒரு சட்டத்தில் துளையிட்டு மற்றொரு சட்டத்தின் முனையைச் செதுக்கி நுழைக்கும்போது, அரைகுறையாக நிற்கும் பொருத்தைக் காட்டும் படம் கைக்கு. இரண்டாவது வகைப் படங்கள் மிகுந்திருத்தல் வேண்டும்.

நான்காம் வினா: பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்கிறதா? புறாவால் பொருத்தில் இடைவெளி விழுந்தால் அதே மரத்தின் மெல்லிய சீவலைப் பசையிட்டுச் செருகி அடைக்கலாம். இத்தகைய குறிப்புகளைத் தரும் ஆசிரியர், தம் எதிரே கற்பவன் ஒருவன் அமர்ந்திருப்பதை உணர்ந்து எழுதுபவர்.

ஐந்தாம் வினா: மரம் அசையும் என்பதை இவ்விதழ் அறிந்திருக்கிறதா? இவ்வினா உரைகல் போன்றது. சற்று விளக்கமாகக் காண்போம்.

மரம் அசையும் என்னும் பாடம்

வெட்டி, உலர்த்தி, இழைத்து, மெருகிட்ட பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்திற்கேற்ப விரியும், சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இம்மாற்றம் பொருட்படுத்தத் தக்கதன்று. குறுக்குவாக்கிலோ மிகுதி. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் அமெரிக்கச் செவ்வோக்கு ஏறத்தாழ 8.6 விழுக்காடு சுருங்கும். வளையங்களைக் குறுக்கே வெட்டும் ஆரத் திசையில் 4 விழுக்காடுதான். தேக்கு முறையே 5.8 விழுக்காடும் 2.5 விழுக்காடும் சுருங்கும். தேக்கு ஏன் தச்சருக்கு உகந்த மரம் என்பதற்கு இவ்வெண்களே ஒரு விடை.

ஒரு கணக்குப் போடுவோம். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரத்தினுள் ஏறத்தாழ 13 விழுக்காடு ஈரம் நிலைக்கும். வெப்பமூட்டிய அறையில் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாகக் குறைந்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 6 விழுக்காட்டிற்கு இறங்கும். இவ்வேறுபாட்டில் 12 அங்குல அகலமுள்ள செவ்வோக்குப் பலகை சுமார் 6 மில்லிமீட்டர் சுருங்கும். அதே அகலமுள்ள தேக்குப் பலகை சுமார் 4 மில்லிமீட்டர் சுருங்கும். மேசையின் மேற்பலகையை நாற்புறமும் சட்டத்தோடு அசையாதபடி திருகி இறுக்கிவிட்டால், அப்பலகை பிளப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவேதான் தேர்ந்த தச்சர் திருகாணித் துளையை நீள்வட்டமாக இடுவர். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையிடாமல் மிதக்க விடுவர்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் கற்பித்த புரூஸ் ஹோட்லி இப்பாடத்தை ஃபைன் வுட்வொர்க்கிங் இதழிலும், 1980இல் வெளிவந்த 'அண்டர்ஸ்டேண்டிங் வுட்' என்னும் நூலிலும் எல்லோர்க்கும் விளங்குமாறு எழுதினார். மேசை செய்யும் கட்டுரையொன்றில், மேற்பலகை விரிவதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால், ஏன் விட்டோம் என்று காரணம் கூறியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அளவை மட்டும் சொல்லும் இதழ் ஒரு மேசையைத் தரும். காரணத்தையும் சொல்லும் இதழ் நூறு மேசைகளைத் தரும்.

நம் நாட்டு வாசகர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்க இதழைத் தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர் சில வேறுபாடுகளை மனத்திற் கொள்ள வேண்டும். அங்கே கடின மரத்தைப் பலகையடிக் கணக்கில் விற்கின்றனர். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் கொண்டது ஒரு பலகையடி. 12 பலகையடி சேர்ந்தால் நம் கடைகளில் வழங்கும் ஒரு கன அடி ஆகும். அறுத்த பலகையின் கனத்தை அவர்கள் கால் அங்குலக் கணக்கில் எண்ணுவர். நான்கு கால் என்றால் ஓரங்குலம். அறுப்பாலையில் இழைத்து விற்கும் பைன் சட்டங்களில் 1க்கு 4 என்று எழுதியிருந்தால் மெய்யான அளவு முக்கால் அங்குலக் கனமும் மூன்றரை அங்குல அகலமும் ஆகும். இதை அறியாமல் அளவுப் பட்டியலைப் பின்பற்றினால் பொருத்துகள் ஒன்றோடொன்று சேரா. பிரிட்டன் இதழ்கள் மில்லிமீட்டரில் எழுதுவதால் இத்தொல்லை குறைவு.

இயந்திரங்களைப் பற்றிய குறிப்புகளில் வேறொரு வேறுபாடு உண்டு. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட், நம் வீடுகளில் 230 வோல்ட். ஆகவே அங்குள்ள கருவி மதிப்பீட்டுப் பக்கங்களில் பெரும்பகுதி நமக்கு வெறும் படிப்பாகவே நிற்கும். வால்நட், செர்ரி, மேப்பிள் என்னும் மரப்பெயர்களும் அவ்வாறே. அவற்றிற்கு ஈடாகத் தேக்கையோ வேங்கையையோ வேம்பையோ எண்ணிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இவ்வளவையும் கழித்த பின் ஓர் இதழில் நமக்கு எஞ்சுவது எத்தனை பக்கம் என்று பாருங்கள். பொதுவாக, கைக்கருவியைப் பேசும் கட்டுரைகளே முழுமையாக எஞ்சும். உளியும் இழைப்புளியும் எந்நாட்டு மின்சாரத்தையும் எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

காலக் கணக்கு

மாத இதழா, இரு மாத இதழா என்னும் கேள்வியையும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே இரு மாதம் இருந்தால் 8 ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கு 4 மணி என்று வைத்தாலும் 32 மணி நேரம். ஒரு சிறு பெட்டியையோ ஒரு முக்காலியையோ செய்து முடிக்க இது போதும். மாதம் ஒன்று வந்தால் செய்து முடிக்குமுன் அடுத்தது வந்து நிற்கும். படித்தவை குவியும், செய்தவை குவியா. இவ்வாறே பலர் செய்பவராகத் தொடங்கிப் பார்ப்பவராக முடிகின்றனர். இதுதான் இங்குள்ள உண்மையான இழப்பு. சந்தாப் பணம் போவது அன்று.

சந்தாவை ஓராண்டிற்கு மட்டும் கட்டுவதே நன்று. மூன்றாண்டிற்குக் கட்டினால் விலை குறையும் என்பர். ஆனால் இதழ்கள் நிலையானவை அல்ல. ஷாப்நோட்ஸ், அமெரிக்கன் வுட்வொர்க்கர் ஆகிய இரண்டும் 2014ஆம் ஆண்டில் தனி இதழ்களாக வெளிவருவது நின்றுவிட்டது. மேலும், ஓராண்டு கழிந்தபின் நீங்கள் இன்றிருக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். வேறு இதழ் தேவைப்படலாம். பணம் செலுத்துமுன், இதழ் இன்னும் வெளிவருகிறதா, ஆண்டிற்கு எத்தனை படிகள், கடல் கடந்து அனுப்ப அஞ்சற்செலவு எவ்வளவு, ஆண்டு முடிந்ததும் நம்மைக் கேளாமலே சந்தாவைப் புதுப்பித்துப் பணத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்னும் நான்கையும் கேட்டறிய வேண்டும். அஞ்சற்செலவு மிகுதியாயின் கணினி வழிப் பதிப்பே போதும். ஆனால் செய்முறைப் பக்கத்தை அச்செடுத்துப் பட்டறையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதழின் எல்லை

எந்த இதழும் நம் கையைப் பிடித்துத் திருத்தாது. ஜார்ஜ் நகாஷிமா என்னும் ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரை இங்கு நினைவுகூர விரும்புகிறேன். அவர் கட்டடக்கலைஞராகப் பயின்று, 1930களின் இறுதியில் நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை முன்னின்று கவனித்தவர். பிற்காலத்தில் உலகறிந்த மரக்கலைஞரானார். படிப்பும் அனுபவமும் வாய்ந்த அவரே, 1942இல் ஐடஹோ மாநிலத்து முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோது, ஜப்பானிய முறையில் பயின்ற தச்சர் ஒருவரின் அருகில் இருந்து மரவேலையின் நுட்பங்களைக் கற்றார். அவருக்கே ஓர் ஆசானின் அண்மை தேவைப்பட்டது என்றால் நமக்குக் கூறவேண்டுவதில்லை. உங்கள் ஊரிலும் தச்சர் ஒருவர் இருப்பார். இதழில் படித்ததை அவரிடம் காட்டுங்கள். 'இதை எப்படிச் செய்வீர்கள், ஐயா?' என்று பணிவுடன் கேளுங்கள். இதழ் கூறும் முறையும் அவர் கூறும் முறையும் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் கல்வி தொடங்கும்.

முடிவாகச் சிலவற்றைக் கூறுவேன். முதலாண்டில் ஒரே ஓர் இதழ் போதும். அது விளம்பரம் குறைந்த செய்முறை இதழாக இருக்கட்டும். இரண்டாம் வகைக் கலைஞர் இதழைத் தனிப்படியாகவோ நூலகத்திலோ பார்த்துக்கொள்ளலாம். ஹேவர்டு காலத்துப் பழைய கட்டுரைத் தொகுதிகளைக் கல்லூரி நூலகம் வாங்கி வைக்குமாயின் பல தலைமுறை மாணவர்க்குப் பயன்படும். ஆண்டு முடிவில், அவ்விதழைப் பார்த்து நீங்கள் செய்த பொருள்களை எண்ணுங்கள். 6 இதழுக்கு 2 பொருளேனும் தேறினால் சந்தாவைப் புதுப்பியுங்கள். ஒன்றும் தேறாவிடில் அத்தொகைக்கு ஒரு நல்ல சாணைக்கல் வாங்குங்கள். அதுவும் நல்ல சந்தாவே.